முதல் வரிசை நாற்காலி

சின்னம்மாவின் மகள் ரதிதேவிக்கு ஒக்லாந்துக்குத் தெற்கே பாபகூராப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை கிடைத்த நாளிலிருந்து செல்வநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குமா? சுன்னாகத்தில் இருபத்திரண்டு வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் இவள். ரதிதேவி ஆறே வருஷம், அதுவும் பெரிய வகுப்புக்கு. எண்பத்தைந்தில் இருவரும் நியூசிலாந்துக்கு, ஒக்லாந்தில் வந்து இறங்கியபோது இவளுடைய சான்றிதழ் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். அவளுக்குக் கொன்வென்ற் ஆங்கிலம் கைகொடுத்தது. இவள் பென்ரோஸ் தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கினாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு மரக்கொட்டகை வகுப்பு. மந்தமான பிள்ளைகளுக்கு என்று பேர். இருந்தது முழுக்க மாவோரி, சமோவாப் பிள்ளைகளும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும்தான். ஒரு வெள்ளைப் பிள்ளை இல்லை. ரதிதேவியும் ஒரு மாவோரி ஆசிரியையும் வீடுவீடாய்க் கையெழுத்து வாங்கி, இந்தப் பிரிப்பு வேண்டாம் என்று தலைமை ஆசிரியரோடு கூட்டம் வைத்தார்கள். சனத்தின் வாயில் ரதிதேவி பேச்சுத்தான். செல்வநாயகியும் போனாள், அவள் இடறுவதைப் பார்க்க.

இடறினாள். கொட்டகை வகுப்பில் இருந்த, எங்கள் ஆள் தவராசாவின் ஏழு வயது மகள் கௌரியைத் தலைமை ஆசிரியர் எழுப்பிக் கணக்குக் கேட்டார். பிள்ளை கைகட்டித் தரையைப் பார்த்து நின்றது. இவர்களுக்கு ஒன்றும் ஏறாது, இதைத்தான் சொல்கிறேன் என்றார் அவர். ரதிதேவி கையெழுத்துத் தாள்களைத்தான் மறுபடி மறுபடி புரட்டினாள்.

செல்வநாயகிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் பிள்ளை ஏன் குனிந்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். நிமிரச் சொல்லும்வரை வாத்தியாரின் முகம் பார்க்கக்கூடாது என்று பிரம்போடு பழக்கியவளே இவள்தான். கௌரியின் தாயும் சுன்னாகத்தில் இவளிடம் படித்தவள்தான், அதையே மகளுக்கும் பழக்கியிருந்தாள். பேசாமல் இருந்தால் ரதிதேவி தோற்பாள். பிள்ளைகள் கொட்டகையிலேயே கிடப்பார்கள்.

"நிமிர்ந்து ஐயாவின்ர முகத்தைப் பார், பிள்ளை. இப்ப சொல்லு," என்றாள் செல்வநாயகி.

கௌரி நிமிர்ந்தாள். அந்தக் கணக்கையும் அடுத்த நாலு கணக்கையும் கடகடவென்று ஆங்கிலத்தில் சொன்னாள். மாவோரி ஆசிரியை எழுந்து, தங்கள் பிள்ளைகளும் பெரியவர் முன்னால் இப்படித்தான் நிற்பார்கள் என்றாள். எல்லாரையும் மறுபடி சோதிக்கத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அடுத்த தவணை கொட்டகையில் உடைந்த மேசைகள்தான் இருந்தன.

தலைமை ஆசிரியர் கைகுலுக்கியது ரதிதேவியோடு. சரஸ்வதி பூசையன்று தமிழ்ச் சங்கம் பொன்னாடை போர்த்தியதும் அவளுக்குத்தான்.

"அக்கா, நீங்கள்தான் கதைச்சனீங்கள் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்," என்றாள் ரதிதேவி.

"பொன்னாடையைப் போத்துக்கொண்டோ சொன்னனி?"

ரதிதேவி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் அப்படியொரு வகுப்பு இருக்கிறதென்று ரதிதேவி அடுத்த கூட்டம் வைத்தபோது, செல்வநாயகி அரைநாள் லீவு எடுத்து, எல்லாருக்கும் முந்திப் போய், இந்தமுறை எல்லாரும் பார்க்கும்படி முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.