காற்றை நிறுக்கிற மாப்பிள்ளை

"காத்தை நிறுக்கிறவர்" என்ற பெயரை முதன்முதலில் என் தம்பி வாயால்தான் கேட்டேன். தன் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அவரு காத்தை நிறுக்கிறாராம். உப்பு, பருப்பு நிறுத்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு."

"எடை குறைச்சுப் போடமாட்டாருல்ல, கட்டிக் குடு" என்றேன்.

அவர் வேலை அதுதான். எல்லையோரத்து எங்கள் ஊரில், தபாலாபீஸ் மொட்டைமாடியில் ஒரு இயந்திரம் காற்றை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் அதிலுள்ள வெள்ளை வட்டத்தாளில் படியும். மாப்பிள்ளை அதை இடுக்கியால் எடுத்து, தும்மலை அடக்கிக்கொண்டு நிறுப்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே வேலை பார்க்கிற ஒரு அம்மாள் உண்டு. இருவரும் அவ்வப்போது தாள்களை மாற்றிக்கொண்டு, இவருடையதை அவரும் அவருடையதை இவரும் நிறுத்துப் பார்ப்பார்கள். ஒரு தராசு பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

கல்யாணமான மறு வருஷம் ஊரைப் புகை மூடியது. பிள்ளைகளுக்கெல்லாம் இருமல், இளைப்பு. எல்லார் கண்ணும் தம்பியின் செங்கல் சூளைமேல் விழுந்தது. மூடச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். சூளை போனால் தம்பி நடுத்தெருவில்தான்.

"மாமா, தீயை அணைச்சிடுங்க. அப்புறம் தாளை நிறுத்துப் பாப்போம்" என்றார் மாப்பிள்ளை.

"பொண்ணைக் குடுத்தேன். இப்ப அடுப்பையும் கேக்குறீங்களா?"

முனகிக்கொண்டே அணைத்தான். வெந்தும் வேகாத கல் அத்தனையும் வீண். சூளை ஆறியது, தாள் மட்டும் முன்போலவே கறுத்து வந்தது. புகை எல்லை தாண்டி வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். யார் நம்புவார்? "மாமனார் பக்கம் தராசு சாயுது" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை அந்தத் தாள்களை எல்லைக்கு அந்தப் பக்கத்து அம்மாளுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த கூட்டத்தில் கைபேசியை மேசைமேல் வைத்தார். அந்த அம்மாள் பேசினார்.

"நானும் நிறுத்துப் பாத்தேன். உங்காளு சொன்ன எடை சரிதாங்க. இங்க அறுப்பு முடிஞ்சு வயலுக்குத் தீ வெச்சிருக்காங்க. அந்தப் புகை எங்களோடது."

அதோடு விடாமல், "காத்து திரும்புற மாசத்துல உங்க சூளைக் கரி எங்க தாள்ல இருக்கு. அதையும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

கூட்டம் சிரித்துவிட்டது. சூளை தப்பியது. தம்பிதான் வீட்டுக்கு வந்தும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"மாப்ள, புகைபோக்கிய இன்னும் உசத்திடவா?"

"உசத்தினா நேரா அவங்க வீட்டுக்கே போகும் மாமா."

கல்லை வளைத்து வளைத்து அடுக்கி, தீ சுற்றிப் போய் எல்லாம் முழுதாய் எரியும்படி சூளையை மாற்றிக் கட்டினான் தம்பி. புகை பாதியாய்க் குறைந்தது. தன் ஊர்ப் புகையைத் தன்னுடையது என்று சொல்ல அந்த அம்மாளுக்கு என்ன வந்தது? முகம்கூடப் பார்த்ததில்லை. தம்பி வீட்டில் நல்லது நடக்கும்போதெல்லாம் அவரும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளை இப்போது தபாலாபீஸ் மாடியில் இருக்கிறார், தாள் மாற்றிக்கொண்டு.