வசந்தாவுக்கு விட்ட முதல் வரி

வசந்தா இறந்த செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்து, திருக்காட்டுப்பள்ளிக் கடைவீதிக்குத் தெரிந்து, காவிரிக் கெண்டைகளுக்கும் தெரிந்த பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தது. முதலில் தெரிந்தது இளையோர் சபைப் பிள்ளைகளுக்கு. ஊராட்சியில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டு தேர்தல்களாக உட்கார்ந்த வார்டு உறுப்பினன் நான். இருந்தும், என் மகள் கயல் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்துதான் சொன்னாள். "அப்பா, வசந்தா அத்தை போயிட்டாங்க. நெஞ்சு வலியாம்." அந்தத் துக்கத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. மறைப்பானேன்? அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும்.

இளையோர் சபையைத் தொடங்கியவர் அவர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சமுதாயக் கூடத்தில், பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் கூடி ஊர்க் குறைகளைப் பேசித் தீர்மானம் எழுதி ஊராட்சிக்குத் தருவார்கள். அவர் வைத்த விதி ஒன்றுதான். பிள்ளைகள் நாற்காலியில், பெரியவர்கள் பாயில். கேட்டால் மட்டுமே பெரியவர்கள் பேசலாம். மைக் இல்லாமல் நான் பேசினால் கல்லணை மதகுகள் தாமாகத் திறந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட நான் மாதக்கணக்கில் பாயில் சம்மணமிட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. "அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைத்தான் கேட்பார்கள். அவரோ, "நீங்க பேசி முடிங்க. நான் எங்க போயிடப் போறேன்?" என்பார். பேசக் கூப்பிட்டும் பேசாதிருக்கும் செல்வம்! எனக்கு வயிறு எரியும்.

வைக்கோல் போர் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். வாய்க்கால் கரையில் இருந்த என் போர், உயரத்தில் இமயத்துக்கு அடுத்தபடி. பள்ளிக்கு சைக்கிளில் போகும் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டும். கயலே ஒருநாள் விழுந்து, சீருடையெல்லாம் சேறாக வந்து நின்றாள். "போரை எடுங்கப்பா." "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்." அறுப்பும் முடிந்தது, அடுத்த நடவும் முடிந்தது.

நம் கிராம சபையில் கூட்டம் தொடங்குமுன்பே தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவர் கிடையாது. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது நானே எனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அன்றும் போட்டு, கீழே இரண்டு கோடு வேறு இழுத்தேன். பிறகு, இளையோர் சபை அனுப்பிய தீர்மானத்தை அந்த நோட்டிலிருந்து கயல் எழுந்து வாசித்தாள்: "ஐந்தாவது வார்டு உறுப்பினர் தமது வைக்கோல் போரை ஒரு வாரத்துக்குள் அகற்ற ஒப்புக்கொள்கிறார்."

"யாரும்மா ஒப்புக்கிட்டது?"

"நீங்கதாம்ப்பா. முதல் கையெழுத்தே உங்களோடதுதான்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கீழ்வேளூர் வயல் கொக்கெல்லாம் பறந்திருக்கும். வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து, "படிச்சுட்டுப் போடுங்கண்ணே" என்றார்.

"நீதானேம்மா எழுதிக் குடுத்தே?"

"நான் ஒரு எழுத்துகூடத் தொடலண்ணே. வீட்டுல மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் புள்ள சபைக்கு வந்துச்சு."

போரை மூன்றே நாளில் எடுத்துவிட்டேன். என் மகள் பேச்சை எனக்கு முன்னால் காதில் வாங்கியவர் அவர் என்ற பொறாமையைத்தான் எடுக்க முடியவில்லை.

போன ஞாயிறு பிள்ளைகள் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பாயில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. என் போர் இருந்த வாய்க்கால் கரைப் பாதைக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று தீர்மானம். என் பெயரில் ஒரு தெருவை, பலகையோடும் தெருவிளக்கோடும், மனத்துக்குள் நான் எப்போதோ திறந்து வைத்திருந்தேன். நோட்டு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தேன்.

"மாமா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றாள் ஒருத்தி.

"இரும்மா, படிக்கிறேன்ல."

முதல் வரியை வெறுமனே விட்டு, இரண்டாவது வரியில் கையெழுத்திட்டேன். கோடு இழுக்கவில்லை.

கயல் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

இத்தனை காலம் காத்திருந்த கேள்வி. மூன்று மணி நேரத்துக்குக் குறையாத உரை ஒன்று தொண்டையில் தயாராக இருந்தது. "நீங்க பேசி முடிங்க" என்றேன்.

வசந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பாதி வாக்கியம். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.