கம்பெனி கேட்டாண்ட லெப்டு

காரில் வைக்கிற வழிகாட்டும் கருவி வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் வழி சொல்லும். நான் செய்த கருவி பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு வழி சொன்னது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆபீசில் என் சிநேகிதர்கள் கேட்டதைத்தான் நீங்களும் கேட்பீர்கள்: "செல்போன்லயே மேப் இருக்கே, எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

பக்கத்து சீட்டில் இருந்தவர் என் அப்பா. எங்கள் வீட்டில் நைனா என்று கூப்பிடுவோம். திருவொற்றியூரில் இரும்புக் குழாய் செய்த ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தவர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அவருக்குத் தெரியாத சந்து கிடையாது என்று எங்கள் உறவுக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான் என்பது என் சந்தேகம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங் மகளான என் கைக்கு வந்தது. ஸ்டியரிங்கைக் கொடுத்தாரே தவிர, வண்டியை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கே போனாலும் இடது பக்க சீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, "நேரா வுடு, அந்த லாரிய நம்பாத, ரைட்டு கட் பண்ணு" என்று சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு எரிச்சலாக வரும். எனக்குத் தெரிந்த வழியைத் தெரியாதது மாதிரி கேட்டுக்கொண்டு ஓட்டுவது லேசான காரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து எண்ணூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவோம். அத்தை நைனாவுக்குத் தங்கை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலோரமாகப் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், வழக்கம்போல, "ரைட்டா நைனா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்க்காமல் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எது வலது கை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது அப்போது புரியவில்லை. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி ஹாரனை அழுத்தியதும், "சொல்லு நைனா" என்று கத்திவிட்டேன்.

"எல்லாத்தியும் நானே சொல்லணுமா? உனுக்கு கண்ணு இல்ல?" என்று அவரும் கத்தினார். மிச்ச வழிக்கு நானே பார்த்து ஓட்டினேன்.

அடுத்த வாரம் காரில் ஏற மறுத்தார். "தல வலிக்குது, நீங்கோ போங்கோ" என்றார். அதற்கடுத்த வாரம் கால் வலி. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, மறதி இனிமேல் கூடத்தான் செய்யும், குறையாது என்றார். "அவருக்குக் கைவந்தது எதுவோ, அதை விடாமல் செய்ய வையுங்கள். அதையும் விட்டுவிட்டால் ஆள் சீக்கிரம் ஒடுங்கிவிடுவார்" என்றார். நைனாவுக்குக் கைவந்தது வழி சொல்வது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவர் வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறார். இதில் நான் என்ன செய்ய முடியும்?

மணலியில் ஒரு ஆலையில் மீட்டர்கள், சென்சார்களைச் சரிபார்ப்பது என் வேலை. அழுகை வந்தால் ஸ்குரூ டிரைவரை எடுப்பது என் சுபாவம். எடுத்தேன்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு வாங்கினேன். ஒரே பலகையில் முழுக் கம்ப்யூட்டரும் இருக்கும். அதோடு செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ் வில்லை ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஒன்று, கார் பேட்டரியின் மின்சாரத்தைப் போர்டு தாங்குகிற அளவுக்குக் குறைக்கும் சர்க்யூட் ஒன்று. யோசனை எளிமையானதுதான். நைனா வழி சொல்ல வேண்டிய ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால், அவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்பீக்கர் மெதுவாக எடுத்துக்கொடுக்கும். அதைக் கேட்டு அவர் எனக்குச் சொல்வார். நாடகத்தில் வசனம் மறந்துபோகிறவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுப்பாரே, அந்த மாதிரி.

"வண்டிக்கு வயி சொல்ற மன்சனுக்கு வயி சொல்ல ஒரு மிஷினு. சோறு துன்ற மேஜை ஃபுல்லா ஒயரு" என்றார் அம்மா. ஆனாலும் மேஜையை விட்டு என்னைக் கிளப்பவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

எளிமையான யோசனை என்னைப் படுத்தியெடுத்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்தால் பேட்டரி ஒரு நொடி தொய்யும், போர்டு செத்துப்போய்த் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். சாவியைத் திடீரென்று திருப்பி அணைத்தால் மெமரி கார்டில் எழுதியதெல்லாம் கெட்டுப்போகும். எங்கள் பக்கத்துக் கடல் காற்று செம்புக்கும் பித்தளைக்கும் பகையாளி. ஒயர் முனைகளில் பச்சை பூத்துவிடும். ஒருநாள் கருவி எங்கள் கார் கடலுக்குள் நிற்பதாகச் சத்தியம் செய்தது. நான் ரோட்டில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியானதும் குரல் பிரச்சினை வந்தது. கம்ப்யூட்டர் பேசும் தமிழை வைத்தால், "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது. வீட்டுக் கூடத்தில் வைத்து நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். "யார்ரா இவன், நியூஸ் வாசிக்கிறான்?" என்றார். மீட்டர் கணக்கில் அவர் வாழ்நாளில் யாருக்கும் வழி சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. இடத்தை வைத்துத்தான் சொல்வோம். அந்த இடம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இடித்துவிட்ட தியேட்டர் இன்றைக்கும் தியேட்டர் ஸ்டாப்தான். மூடிவிட்ட ஐஸ் கம்பெனியின் பேரைச் சொல்லித்தான் ஷேர் ஆட்டோவில் இறங்குகிறோம். நேற்று குடிவந்தவர்கள்கூட ஒரு மாதத்தில் அப்படியே பேசப் பழகிவிடுவார்கள்.

அதனால் என் குரலிலேயே, நைனா பேசுகிற மாதிரியே, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பதிவு செய்தேன். "ஐஸ் கம்பெனியாண்ட ரைட்டு." "பட்டினத்தார் கோயில் தாண்டி நேரா." "கம்பெனி கேட்டு வந்துச்சு, லெப்டு." மொட்டைமாடியில் பதிவு செய்ததால் பாதிக் குறிப்புகளில் ரயில் சத்தமும் இருக்கும். அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "அச்சு அசல் உங்க நைனாவே தான்" என்று சிரித்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

"நைனா, புதுசா ஒரு டப்பா பண்ணிக்கீறேன். அதுக்கு வழி கத்துக்கொடுக்கணும். நீ வந்தாதான் ஆவும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கெஞ்சினேன். யோசித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார்.

"ஐஸ் கம்பெனியாண்ட ரைட்டு" என்றது டப்பா.

"பாப்பா, ஐஸ் கம்பெனியாண்ட ரைட்டு கட் பண்ணு" என்றார் நைனா, உடனே, பழைய குரலில்.

எனக்கு ஸ்டியரிங் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு தண்ணீர். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறினோம். ஓரத்தில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருந்த டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. டப்பா சொல்லச் சொல்ல அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் டிரெய்லர்காரர்களைத் திட்டவும் செய்தார். பட்டினத்தார் கோயில் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து ரகசியமாக, "பாத்தியா, நா சொல்றத அது அப்டியே திருப்பி சொல்லுது. சீக்கிரம் கத்துக்கும்" என்றார். டப்பாதான் முதலில் சொல்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் அத்தனை சந்தோஷமாக அந்த ரோட்டில் வண்டி ஓட்டியதே இல்லை.

விம்கோ நகரும் தாண்டியது. "கம்பெனி கேட்டு வந்துச்சு, லெப்டு" என்றது டப்பா.

நைனா இதைத் திருப்பிச் சொல்லவில்லை. "ஓரங்கட்டு" என்றார். ஏதோ அவசரம்போல என்று நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார், தலையைக் கோதிக்கொண்டார், வேகமாக நடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஊருக்கெல்லாம் அது ஒரு திருப்பத்தின் பெயர். அவருக்கு அது வேலைக்குப் போகிற வாசல்.

அங்கே கம்பெனியும் இல்லை, கேட்டும் இல்லை. எப்போதோ இடித்துத் தரைமட்டமாக்கி, கண்டெய்னர் அடுக்கும் யார்டு ஆக்கிவிட்டார்கள். தகரத் தடுப்புக்குப் பின்னால் கண்டெய்னர்கள் மலையாக நின்றன. வாசலில் ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, தமிழ் தெரியாது, வடக்கே எங்கேயோ அவருக்கு ஊர்.

"செகண்ட் ஷிப்டு" என்றார் நைனா. சட்டைப் பையைத் தடவினார். "கார்டு வூட்ல வுட்டுட்டேன். டிரைவர்னு சொல்லு, தெரியும்."

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், என்ன அர்த்தத்தில் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து தன் பிளாஸ்டிக் நாற்காலியை நைனாவின் பக்கம் தள்ளினார். நைனா உட்காரவில்லை.

"வா நைனா, போலாம். இது கம்பெனி இல்ல" என்று கையைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து, திறந்து கிடந்த காருக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. "கம்பெனி கேட்டு வந்துச்சு, லெப்டு."

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த இரும்பு மலையில் பட்டுத் திரும்பும் சிக்னலால் கருவி குழம்புகிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் கார் விலகிப் போய்விட்டுத் திரும்ப வருவதாக நினைக்கிறது. ஒவ்வொரு முறை திரும்ப வரும்போதும் குறிப்பைச் சொல்கிறது. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கலாம். ஆனால் நைனாவின் கையை விட்டால் அவர் யார்டுக்குள் போய்விடுவார், உள்ளே லாரிகள் போகின்றன, வருகின்றன. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கம்பெனி கேட்டு வந்துச்சு, லெப்டு." ரயில் சத்தத்தோடு மறுபடியும். மறுபடியும்.

நைனா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதான சொல்ற, கம்பெனி வந்துச்சுன்னு. அப்புறம் இல்லன்ற. இன்னா பாப்பா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தன் புத்தியைத்தான் சந்தேகப்பட வேண்டுமோ என்ற பயத்தோடு கேட்டார்.

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிய அன்று அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த உட்காரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை இன்னொரு முறை, புதுச் செய்தியாக, நடுரோட்டில் வைத்து அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னிக்கு வீக் ஆஃப் நைனா. ஞாயித்துக்கெழம" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அத மொதல்ல சொல்லக்கூடாதா? அதான் கேட்டாண்ட ஒருத்தனும் இல்ல" என்றார். செக்யூரிட்டிக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வந்து காரில் ஏறினார். நான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். இழுத்த வேகத்தில் அது அறுந்தே வந்துவிட்டது.

அந்த வாரத்தில் ஒயரை ஒட்டவைத்தேன். திரும்பச் சொல்லாதே என்ற வரியை எழுதினேன். கம்பெனி கேட் குறிப்பை மட்டும் அடியோடு அழித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா தானாகவே வந்து காரில் ஏறினார். ஐஸ் கம்பெனி வந்தது. டப்பா சொன்னது, அவர் மெதுவாக முனகினார். பட்டினத்தார் கோயில் வந்தது. டப்பா சொன்ன பிறகும் அவர் பேசவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எடுத்துக்கொடுத்தும் வசனம் வராத நாள் ஒரே வாரத்தில் வந்துவிட்டது என்று புரிந்தது.

தகரத் தடுப்பு தெரிந்தது. டப்பா வாயைத் திறக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

"பாப்பா, கம்பெனி கேட்டு. லெப்டு ஒடி" என்றார் நைனா.

தடுமாற்றமே இல்லாத குரல். அந்தக் குரலைக் கேட்கத்தான் இத்தனை நாள் மேஜையில் ஒயரோடு கிடந்தேன். யாரும் எடுத்துக்கொடுக்காமல் அவராகச் சொன்ன வழி அது ஒன்றுதான். லெப்டு ஒடித்தேன். கேட் இருந்த இடத்தை மெதுவாகக் கடந்தோம். அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னிக்கும் வீக் ஆஃபா?"

"ஆமா நைனா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "எனுக்கு மட்டுமா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான் நைனா" என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.