லேப்டாப் கொட்டிய கெட்டிமேளம்

என் தங்கையின் கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது மேளக்காரர் போன் செய்து, வர முடியாது என்றார். ஜொகூர் மாநிலம் முழுக்கக் கல்யாணம் நடக்கிற நல்ல முகூர்த்தம் அது. ஒரே காலையில் இரண்டு இடத்துக்குத் தலையாட்டிவிட்டு, எங்களைக் கழற்றிவிட்டார். வேறு குழு தேடிப் போன் போட்டதில் என் காது சுட்டதுதான் மிச்சம்.

செய்தி ரெங்கத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அத்தை அங்கேதான் இருக்கிறார். ஊருக்கே அவர் அத்தை, எங்களுக்கும் அப்படித்தான். மறுநாளே பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சீடி போட்டா தாலி கட்டப் போறீங்க? கல்யாணமா, கரவோக்கேவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன் என்றாலும், வீட்டில் கம்ப்யூட்டரில் பாட்டு அமைப்பது என் பைத்தியம். அந்தத் திமிரில் வாய் முந்திக்கொண்டது.

"சீடி இல்ல அத்தை. நானே கம்ப்யூட்டர்ல மேளம் செஞ்சு தரேன். நெஜ மேளத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அத்தை. இரண்டாவது 'பாக்கலாம்' நெஞ்சில் குத்தியது.

அவர் போனதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் கல்யாணத்துல எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஆயிடக்கூடாது லா."

ரெக்கார்டிங் எதையாவது போட்டிருக்கலாம். ஆனால் அது யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு அடித்த மேளம். எங்கள் மாப்பிள்ளைக்கு முடிச்சு சிக்கிக்கொண்டால் அது காத்திருக்குமா? ஐயர் விரலைத் தூக்கியதும் கெட்டிமேளம் தொடங்க வேண்டும், மூன்றாவது முடிச்சு விழும்வரை நிற்கக் கூடாது. நான் கீபோர்டில் கட்டையை அழுத்தியிருக்கும்வரை முழங்கும்படி செய்துவிடலாம். அது சுலபம். சத்தம்தான் சோதித்தது.

நாதஸ்வரமும் தவிலும் மென்பொருளில் கிடைத்தன. காலை ஷிப்ட் முடிந்து வந்து, மவுஸால் ஒவ்வொரு அடியையும் அழகாகக் கட்டத்துக்குள் வைத்தேன். என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பிஸ்கட் டின்ன யாரு தட்றா?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் மனுஷன் சொன்னது உண்மை. கோபம் தணிந்ததும் எங்கள் சொந்தக் கல்யாண வீடியோவை எடுத்து, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. இரண்டு தவில்காரர்கள் ஒருபோதும் ஒரே நொடியில் அடிக்கவில்லை. ஒருவர் முந்த, மற்றவர் துரத்திக்கொண்டு வந்தார். பெரிய நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிய இடத்தில் பக்கத்தில் இருந்தவர் இழுத்துப் பிடித்தார். என் நாதஸ்வரக்காரரோ மூச்சே விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போக வேண்டும்.

என் மேளம் சுத்தமாக இருந்தது. குறையே அதுதான்.

மவுஸைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீபோர்டில் விரலால் தட்டினேன். தவிலின் ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்கள். அதனால் இடது கைக்குக் கனமான அடி, வலது கைக்குச் சடசடப்பு. இரண்டாவது தவிலுக்கு முதலாவதை நகல் எடுக்காமல், புதிதாக உட்கார்ந்து தட்டினேன். என் தாளம் கொஞ்சம் தடுமாறும். பள்ளிக்கூடத்தில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தத் தடுமாற்றமே கைகொடுத்தது. நாதஸ்வரம் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படி ஏறாமல் வழுக்கிப் போகும்படி வளைத்தேன். மூச்சுக்கு இடம் விட்டேன். கடைசியாகக் கல்யாணம் நடக்கப்போகும் மண்டபமான டேவானின் எதிரொலியையும் கொஞ்சம் சேர்த்தேன். கணவர் மறுபடி எட்டிப் பார்த்தார். இந்த முறை அவர் பார்த்தது வாசல் பக்கம்.

"யாரு வீட்டுல விசேஷம்?"

அன்று நான் சாப்பிட்ட சோறு தனி ருசி.

கல்யாண நாளன்று டேவான் மேடை ஓரத்தில், பூ அலங்காரத்துக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். லேப்டாப், கீபோர்டு, இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். கண்ணை ஐயரின் விரல்மேலேயே வைத்திருந்தேன். தங்கை கூறைப்புடவை மாற்ற உள்ளே போயிருந்தாள். தாலித் தட்டு பெரியவர்கள் தொட்டு வணங்கக் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் அட்சதை. மாப்பிள்ளை மட்டும் மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஐயர் விரலைத் தூக்கினார்.

நான் அழுத்திவிட்டேன்.

டேவான் அதிர்ந்தது. ஒருவர்கூட மணவறையைப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. கெட்டிமேளம் கேட்டது, கை தானாக வீசியது. மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது. முன் வரிசையில் எழுந்து நின்று, முதல் ஆளாக, கை நிறைய வீசியவர் ரெங்கத்து அத்தை. பெண்ணும் இல்லாமல், தாலியும் இல்லாமல், தலையெல்லாம் அரிசியோடு மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார்.

"அம்மா! நெய் கேட்டேம்மா!" என்று ஐயர் கத்தினார்.

"அலாமாக்!" என்றேன். கட்டையிலிருந்து விரலை எடுத்தேன். பிறகு டேவானே சிரித்தது. தங்கை பயந்தது இந்தச் சிரிப்புக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் மேளத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏமாந்த தங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே எழுந்து ஆடலாம்போல் இருந்தது.

தங்கை கூறைப்புடவையில் வந்து உட்கார்ந்தபோது, யார் கையிலும் அரிசி இல்லை. அத்தை மாப்பிள்ளையின் மடியிலிருந்தே அள்ளி, முன் வரிசைக்குக் கொடுத்தார். இந்த முறை ஐயர் என்னை நேராகப் பார்த்துத் தலையாட்டி, விரலைத் தூக்கினார். அழுத்தினேன். மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடத் தொடங்கினார். இரண்டாவது முடிச்சு நழுவியது, மறுபடி போட்டார். மூன்றாவதை அவருடைய தங்கை போட்டு முடிக்கும்வரை என் விரல் நகர்ந்தால்தானே! என் மேளம் காத்திருந்தது. கண்ணீரில் கீபோர்டு மங்கலாகத் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் அத்தை பூ அலங்காரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு ஒரு தட்டு. நடுவில் மடித்த பட்டுக்கரை வேட்டி.

"மேளம் வரலன்னு சொல்றதுக்கு முன்னாடியே வித்துவானுக்குன்னு வாங்கி வச்சது" என்றார். "வேட்டிதான் இருக்கு. பரவால்ல, வாங்கிக்க."

நான் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.