பதவி உயர்வு நேர்காணலில் பேசிய என் மகள்

டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் வீடு. பதவி உயர்வு நேர்காணலுக்காக லேப்டாப்பில் வீடியோ அழைப்பை இணைத்து வைத்துவிட்டு, துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். நான்கு வயது மகள் விளையாட்டாக உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அடுப்பில் பால் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தட்டி நான் கத்தக் கத்த, அவள் பயந்து அழுதாள்.

அதற்குள் திரையில் உயரதிகாரி அம்மாள் வந்துவிட்டார். "ஆன்ட்டி, மம்மி பாஹர் பந்த்!" என்று, அம்மா வெளியே மாட்டிக்கொண்டதை மகள் அவரிடம் இந்தியில் விம்மிச் சொன்னாள்.

"ரோ மத், பேட்டா" என்று அழாமலிருக்கச் சொல்லித் தேற்றியவர், தாழ்ப்பாளை எப்படி இழுப்பதென்று கையால் செய்து காட்டினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே இழுத்தாள். கதவு திறந்தது! அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், இருவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

முன்னேற்றத்துக்குத் தடையாகுமோ என்று, குழந்தையைப் பற்றி அலுவலகத்தில் மூச்சுவிடாதவள் நான். பதவி உயர்வு கிடைத்தது. தாழ்ப்பாளை எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போது மீட்டிங் தொடங்கும்போதே, "வீட்டில் என் குழந்தையும் இருக்கிறாள்" என்று சொல்லிவிடுகிறேன்.