பாலத்தின் நடுவில் இறங்கி நடந்தவர்

டிராபிக் ஜேமில் நின்றிருந்த எங்கள் காடியின் கதவைத் திறந்து என் வீட்டுக்காரர் இறங்கிவிட்டார். பினாங்குப் பாலத்தின் நட்ட நடுவில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் யாரோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "சரசு, என்னால முடியல," என்றார். அவ்வளவுதான். வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் போகும் பாதைக்குப் போய், வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அம்மனின் பிள்ளைகளாக இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. "நீயே சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன்" என்று அவரே சொன்ன பிறகுதான் சொல்ல வந்தேன்.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் தீவுப் பக்கம், ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. தினமும் ஃபெரியில் போய் வருவேன். அவரும் அதே ஃபெரியில்தான் வருவார். லிப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. பெயர் குமரேசன். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அன்றைக்கு லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதையெல்லாம் சொல்வார். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாட்டிக்கொண்ட கதை, கோழிக் கூண்டோடு ஒரு பாட்டி மாட்டிக்கொண்ட கதை. அவர் நடித்துக் காட்டும்போது பக்கத்தில் நிற்கிற சீனக் கிழவருக்குக் கூடச் சிரிப்பு வந்துவிடும், மொழி தெரியாமலே. கரை வந்துவிடக் கூடாதே என்று எனக்கு இருக்கும். அந்தக் காற்றை இப்போது நினைத்தாலும் கண்ணில் தண்ணீர் வருகிறது.

கல்யாணம் முடிந்ததும் கோலாலம்பூர் போனோம். நல்ல சம்பளம், பெரிய கம்பெனி. செந்தூலில் ஒரு பிளாட். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கடைசி வரை தெரியாது. அந்த ஊரில் எத்தனை மாடி, எத்தனை லிப்ட். அவர் சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவது போனிலேயே கேட்கும். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். அப்படியும் லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் சும்மா போவோம். இறங்கி ஒரு தே தாரிக் குடித்துவிட்டு அதே ரயிலில் திரும்புவோம். அதுதான் எங்களுக்கு ஊர் சுற்றுவது. அந்த ஞாயிறுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் நின்றே போய்விட்டன. எது கடைசி ஞாயிறு என்று கூட எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஜோகூர். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே கிளம்பி, எல்லைப் பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு வரிசையில் நின்று, அங்கே ஓடி ஓடி உழைத்து, திரும்பவும் அதே வரிசையில் நின்று வீடு வருவார். எங்கள் மகள் மீனா அங்கேதான் பிறந்து வளர்ந்தாள். "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாத" என்று தன் பொம்மைக்குச் சொல்லிக் கொடுப்பாள். அதைக் கேட்டு அன்றைக்குச் சிரித்தேன்.

ஊருக்கே போய்விடலாம் என்று அவர்தான் சொன்னார். பினாங்குக்குப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இரண்டு பேருமே நம்பினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் வாடகை வீடு எடுத்தோம். தீவில், பாயான் லெப்பாஸ் பேக்டரி ஒன்றில் அவருக்கு மெஷின் பராமரிப்பு வேலை. பக்கத்துப் பேக்டரியில் எனக்கு வேலை. ஆனால் நாங்கள் விட்டுப்போன ஊர் அங்கே இல்லை. காலையும் மாலையும் பாலத்தில் ஜேம். தீவுப் பக்கம் போனால் காடி நிறுத்த இடம் கிடையாது. தெரிந்த தெருவெல்லாம் ஹோட்டலும் காப்பிக் கடையுமாக மாறியிருந்தது. வேலையிலோ மணிக்கணக்குப் பார்த்து விரட்டினார்கள்.

அவர் பேச்சு குறைந்தது. நெஞ்சு இறுக்குகிறது, கை வேர்க்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தோம். இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் அவருக்கு ஒரே வெட்கம். அதற்கப்புறம் வலிக்கிறது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஆடி மாதம். காலையில் பாலத்தின் நடுவில் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு இறங்கிவிட்டார்.

நானும் இறங்கி, "ஏங்க, நில்லுங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. அதற்குள் முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்துவிட்டன. பின்னால் ஒரே ஹாரன். ஒரு லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, காடியை எடு என்று கையைக் காட்டினார். எனக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் கோலாலம்பூரை விட்டு வந்த பிறகு ஓட்டினதே இல்லை. அவரைப் பின்னால் விட்டுவிட்டு எப்படிப் போவேன்? போகாமல் எப்படி நிற்பேன்? அவர் சீட்டில் உட்கார்ந்து காடியை எடுத்தேன். கண்ணாடியில் அவர் முதுகு தெரிந்தது. சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு தெரியவில்லை.

எனக்கு எத்தனையோ துதி மனப்பாடம். ஒரு வரி கூட வாயில் வரவில்லை. "தாயே, அவரைப் பிடிச்சுக்கோ. தாயே, அவரைப் பிடிச்சுக்கோ." அதையேதான் பாலம் முடியும் வரைக்கும் சொன்னேன். கத்திச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா, தெரியாது.

பாலம் முடிந்து கரை வந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். அவருக்குப் போன் அடித்தேன். போன் பக்கத்துச் சீட்டிலேயே கிடந்து அடித்தது. பாலத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பாலத்தைப் பார்த்தபடியே நின்றேன். மோட்டார்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காத்திருப்பு இனி வேண்டவே வேண்டாம்.

கடைசியில் ஒரு பழைய மோட்டார் மெதுவாக வந்தது. ஓட்டி வந்தவருக்கு நரைத்த தாடி. பின்னால் என் வீட்டுக்காரர். தலையில் ஹெல்மெட் இல்லை. ஒரு பெரிய வாழையிலைக் கட்டைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓட்டி வந்தவர் பெயர் சாகுல். ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கு இலை கொண்டு போகிறவர். பாலத்துக் காற்றில் அவர் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டதாம். கட்டு சரிகிறது. ஒரு கையால் மோட்டாரையும் மறு கையால் இலையையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே வைத்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். எதிரே ஒருவர் கம்பி ஓரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். "அண்ணே, கொஞ்சம் இதைப் பிடிங்கண்ணே" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அங்கே என்ன நினைத்து நின்றார் என்று என் வீட்டுக்காரருக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குரல் கேட்டதும் கை தானாகப் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறார். இத்தனை வருடம், யார் கூப்பிட்டாலும் ஓடின ஆள் அல்லவா. அறுந்த கயிறு கட்ட நீளம் போதவில்லை. அதனால், பின்னால் ஏறி மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று சாகுல் அண்ணன் கேட்க, இவரும் ஏறிவிட்டார்.

நான் "பிடிச்சுக்கோ" என்று கேட்டேன். அங்கே ஒருவர் "பிடிங்க" என்றார். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தெரியாது.

"தங்கச்சி, அண்ணன் இல்லன்னா என் இலையெல்லாம் கடலுக்குப் போயிருக்கும்," என்றார் சாகுல் அண்ணன், நடந்தது எதுவும் தெரியாமல். நான் அழுததைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். மோட்டாரை அணைத்துவிட்டு எங்களோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் அழுதார். இலைக்கட்டை இறக்கி வைக்காமலே அழுதார். கடைக்கு நேரமாகவில்லையா என்று நான் கேட்டதற்கு, "கடை அங்கேயேதான் இருக்கும்" என்றார் அந்த மனிதர். உதவி எண்ணிலிருந்து வந்த ஆளுக்கும் அவரே பதில் சொல்லி அனுப்பினார். புறப்படும்போது, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அரசாங்க கிளினிக் போனோம். சின்ன வயது மலாய் டாக்டர். அவசரப்படாமல் கேட்டார். இதுவும் ஒரு நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை, மருந்து உண்டு என்றார். அம்மன் ஒரே நாளில் குணமாக்கிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். மாதக் கணக்கில் மாத்திரை, வாரா வாரம் ஒரு ஆலோசகரிடம் பேச்சு. அவர் திரும்பவும் படுத்துவிட்ட நாட்கள் உண்டு. நான் சாமி அறையில் அம்மனோடு சண்டை போட்ட நாட்களும் உண்டு. ஆனால் அவர் இருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பேக்டரி வேலையை விட்டுவிட்டார். தீவிலேயே, ஜெலுத்தோங்கில் ஒரு சின்னப் பிளாட்டுக்கு வந்துவிட்டோம். பாலம் ஏற வேண்டியதில்லை. வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்குச் சாகுல் அண்ணன் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வரும். பெருநாளைக்கு நாங்கள் அவர் வீட்டுக்குப் போவோம். நன்றி சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். உதவி கேட்டது நான்தானே என்பார்.

ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று ஊர் பார்த்தவர்கள் நாங்கள். போன வருடங்கள் போனவைதான். எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவளுடைய பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, இது எப்போது, அது எப்போது என்று என்னிடம் கேட்பார். ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் நாளைக்குக் காலையில் அந்த ஜேமில்தான் நிற்கப் போகிறீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் முன்னைப் போலப் பேசாமல் இருந்தால், அம்மனிடம் கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, வந்ததைச் சொல்லிக் கேளுங்கள், அவள் கேட்பாள். கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று அவரிடமும் கேளுங்கள்.