பிரகாஷ் வந்துவிட்டுப் போன மத்தியானம்

நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். பேய், ஆவி என்று பேச்செடுத்தாலே எழுந்து போகிற ஆள் நான். கம்ப்யூட்டரில் எர்ரர் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள்.

நானும் பிரகாஷும் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் அப்பாவுடைய குவார்ட்டர்ஸின் முன்னறையில் உட்கார்ந்து, அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் வெப்சைட் ஒன்றை இருவருமாகச் செய்தோம். எல்லார் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட சமயம், சுற்றுவட்டாரமே அதைப் பயன்படுத்தியது. சென்னைக் கம்பெனி ஒன்று விலைக்குக் கேட்டது. நான் முடியாது என்றேன், அவனும் சரி என்றான்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மத்தியானமானால் சைட் படுத்துவிடும். சைட்டில் நடப்பதைப் பதிவுசெய்கிற லாக் பாதியில் நின்றிருக்கும், எர்ரர் என்று ஒரு வரி இருக்காது. நான் எழுதிய புரோகிராம் கோடு முழுவதையும் திரும்பப் படித்தேன், பழைய பேக்கப்பைப் போட்டுப் பார்த்தேன், சர்வரை வாடகைக்கு விட்டிருந்த ஹோஸ்டிங்காரர்களுக்குப் போன் போட்டால் "அக்கவுண்ட் உங்க பேர்ல இல்லைங்க மேடம், விவரம் சொல்ல முடியாது" என்பார்கள். அக்கவுண்ட் பிரகாஷ் பெயரில். அவனோ டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "அங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு நிர்மலா, உன் கோடுலதான் ஏதோ தப்பு" என்பான். அதை நம்பி அழுதிருக்கிறேன்.

அன்றைக்குச் சென்னையில் ஒரு கல்யாணம் என்றான். காலையில் நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்புகிறவரை நின்றேன். மத்தியானம் சைட் மறுபடி படுத்தது, அந்த நேரம் பார்த்து பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஆபரேசன்மா, ரத்தம் கேட்டுகினு நிக்கிறாங்க. உங்களுது தொறக்கவே மாட்டேங்குதே!"

லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து நாற்காலியில் பிரகாஷ். கதவு திறந்த சத்தமே இல்லை. காலையில் போட்டிருந்த அதே நீலச் சட்டை.

"ஏன்டா, போகலையா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சர்வர நான்தான் அணைக்கிறேன். நீயே அலுத்துப்போய் வித்துடலாம்னு சொல்லணும்னுதான்" என்றான். அக்கவுண்டின் பாஸ்வேர்டையும் சொன்னான். கோபப்படக்கூட நேரமில்லை, அப்படியே அடித்தேன். திறந்தது. சர்வர் ஆஃப் என்று காட்டியது, ஆன் செய்தேன், சைட் எழுந்ததும் கிடைத்த நம்பர்களை அந்த அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அவர் கணவர் பிழைத்துக்கொண்டார், அது அப்புறம் தெரிந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி.

வெளியே ஓடிப் பார்த்தேன், வெயில் கொளுத்துகிற தெருவில் ஒரு ஆள் இல்லை. உடனே வீடியோ கால் போட்டேன். எடுத்தான். நீலச் சட்டையோடு ஏதோ ஏசி ஆபீஸில் இருந்தான், பின்னால் சுவரில் எங்களை விலைக்குக் கேட்ட அந்தக் கம்பெனியின் பெயர்.

"இதான் கல்யாணமாடா? இப்பதான் இங்க உக்காந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட, பாஸ்வேர்டுகூட சொன்ன" என்றேன்.

உனக்கென்ன பைத்தியமா என்று கேட்பான் என நினைத்தேன். அவன் முகம் வெளுத்துப்போனது. அறையில் யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு போனை வாயருகே கொண்டுவந்து மெதுவாகக் கேட்டான்.

"வேற என்னெல்லாம் சொன்னேன்?"